வழி தெரியாதவரின் டோக்கியோ

பயண நூல்கள் அயல்நகரத்தில் கழியும் முதல் நாளைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன. விமானம் இறங்கியதும் விடுதி சேர்ந்ததும் இரண்டு மூன்று வாக்கியங்களில் முடிந்துபோக, மறுநாள் காலை கோயில்களையும் அருங்காட்சியகங்களையும் காணப் புறப்படும் இடத்திலிருந்தே விவரணை சூடுபிடிக்கிறது. எந்த வாசல் வழியே வெளியேறுவது, எந்த இயந்திரத்தில் எவ்வளவு பணம் இடுவது, நகரும் படிக்கட்டில் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்பது என்பன போன்ற, ஊர்வாசிக்குக் கேள்விகளாகவே தோன்றாத கேள்விகளால் அந்த நாள் நிறைந்திருப்பதால், எழுதத் தகாத சில்லறைச் சிரமங்களின் நாளாக அது கருதப்பட்டிருக்கலாம். ஆயினும், ஒரு நகரம் தன்னை அறியாதவரைப் பற்றி என்ன நினைக்கிறது, அவருக்கென என்ன செய்துவைத்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரிவது அந்த ஒரு நாளில்தான். ஒரு வாரம் தங்கியவருக்கு வழிகள் பழகிவிடுவதால் வழிகாட்டும் பலகைகள் கண்ணில் படுவதில்லை; அங்கேயே பிறந்து வளர்ந்தவர் அவற்றை நின்று படித்திருக்கவே மாட்டார்.

இந்த நோக்கில் ஆராய டோக்கியோ மிகப் பொருத்தமான நகரம். வெளியாருக்கு வழி புரிவதில் இத்தனை கடினமான பெருநகரங்கள் உலகில் குறைவு. வழி புரியாதவருக்கென இத்தனை ஏற்பாடுகளை அடுக்கடுக்காகச் செய்துவைத்த நகரங்களும் குறைவு. இவ்விரண்டும் தற்செயலாக ஓரிடத்தில் சேர்ந்தவை அல்ல. முன்னது இருந்ததால்தான் பின்னது தேவைப்பட்டது.

கடினத்தின் வேர் முகவரியில் இருக்கிறது. டோக்கியோவின் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. பெயர் பெற்ற பெருஞ்சாலைகளும் முகவரியில் இடம்பெறுவதில்லை. ஜப்பானிய முகவரி பெரிதிலிருந்து சிறிதாக இறங்கி வருவது: முதலில் மாநகரம், பிறகு அதன் வட்டம், பிறகு பேட்டை, அந்தப் பேட்டையின் எண்ணிட்ட உட்பிரிவான 'சோமே', அதற்குள் நாற்புறமும் தெருக்கள் சூழ்ந்த மனைத்தொகுதியின் எண், இறுதியில் கட்டடத்தின் எண். ஆகவே ஒரு முகவரியில் மூன்று எண்கள் அடுத்தடுத்து நின்றால், அவை ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் மூன்று பரப்புகளைக் குறிக்குமே தவிர, நடந்து போகும் ஒரு கோட்டைக் குறிப்பதில்லை. தெரு என்பது இந்த முறையில் தொகுதிகளுக்கு இடையே எஞ்சிநிற்கும் வெற்றிடம் மட்டுமே. இந்தத் தெருவில் வலப்பக்கம் ஏழாவது வீடு என்று எண்ணிப் பழகிய மனம் இங்கே வந்ததும் பிடிமானம் இழக்கிறது.

மெய்ஜி அரசு 1870களில் நிலவரியைச் சீர்திருத்தியபோது, வரி விதிப்பதற்காக நிலத்துண்டுகளுக்கு இட்ட எண்களே பின்னர் வீட்டு முகவரிகளாகவும் வழங்கலாயின. நிலங்கள் பாகம் பிரிந்தும் ஒன்றுசேர்ந்தும் கைமாறியும் வந்ததில் எண்களின் வரிசை குலைந்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் தொடர்பற்ற எண்களைத் தாங்கி நின்றன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1962இல் குடியிருப்பு முகவரிகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, தொகுதியைச் சுற்றிக் கட்டடங்களுக்கு வரிசையாக எண்ணிடும் முறை வந்தது. எனினும் புதிய முறை எட்டாத பகுதிகள் இன்னும் உள்ளன. எப்படியாயினும் இந்த முகவரி மேலிருந்து நிலத்தைப் பார்ப்பவருக்கு, அதாவது வரி அலுவலருக்கும் பதிவேடு வைத்திருப்பவருக்கும் ஏற்றதாகப் பிறந்தது. கையில் ஒரு தாளோடு தரையில் நடந்து வருபவர் அதன் கணக்கில் இல்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த், 1970இல் வெளியான தம் ஜப்பான் நூலில் இந்த முகவரியின்மையைத் தனியே எடுத்துக்கொண்டு வியந்தார். வழி கேட்டால் ஊரார் தாளில் வரைந்து தரும் சிறு படங்கள் அவரைக் கவர்ந்தன. நகரின் நடுவில் பேரரசரின் அரண்மனை மதிலும் அகழியும் மரங்களும் சூழ மறைந்து கிடக்க, போக்குவரத்து முழுவதும் அதைச் சுற்றிக்கொண்டே போவதையும் அவர் குறித்தார். அவருடைய வியப்பு அழகியது என்றாலும், மூட்டை முடிச்சுகளோடு இரவில் விடுதியைத் தேடுபவரின் கவலையை அது தொடவில்லை.

டோக்கியோவின் முன்னோடியான பழைய 'எதோ' நகரம் வெளியாரை ஐயத்தோடு பார்த்த நகரம் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. தோக்குகாவா இயேயாசு 1603இல் 'ஷோகுன்' என்னும் படையாட்சித் தலைவராகி, எதோவைத் தம் ஆட்சியின் தலைமையிடமாக்கினார். கோட்டையை நடுவில் வைத்து அகழிகள் சுருள்போலச் சுழன்று வெளிவந்தன. நெடுஞ்சாலைகளில் சோதனைச் சாவடிகள் இருந்தன; அனுமதிச் சீட்டு இல்லாதவர்களை, சிறப்பாகப் பெண்களை, அவை தடுத்தன. ஆனால் அதே ஆட்சிதான் எதோவின் நிஹோன்பாஷிப் பாலத்தை ஐந்து நெடுஞ்சாலைகளின் தொடக்கமாக நிறுவி, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறை சாலையின் இருபுறமும் மண்மேடுகளை எழுப்பி, அவற்றின்மேல் மரங்களை நடச் செய்தது. கடந்து வந்த தொலைவையும் எஞ்சியுள்ள தொலைவையும் வழிப்போக்கர் அம்மேடுகளால் அறிந்தனர். வெயில் நேரத்தில் அம்மரங்களின் கீழ் அமர்ந்தனர். எதோவிலிருந்து கியோட்டோ செல்லும் தோக்காய்தோ சாலையில் மட்டும் 53 தங்கல் ஊர்கள் இருந்தன. வழிப்போக்கரைக் கண்காணித்த அதே அரசு அவருக்கு வழியும் காட்டியது என்ற இந்த இரட்டைத்தன்மை பின்வந்த நகரத்திலும் தொடர்ந்தது.

அதற்குக் கண்கூடான சான்று 'கோபன்' எனப்படும் தெருமுனைக் காவல்கூடம். 1874இல் டோக்கியோவில் தோன்றிய இந்த ஏற்பாடு, ஒன்றிரண்டு காவலர்கள் இருந்து பணிசெய்யும் சிறிய அறை. வாசலில் ஒரு சிவப்பு விளக்கு, உள்ளே ஒரு மேசை, சுவரில் அந்தப் பேட்டையின் பெரிய வரைபடம், மேசையடியில் ஒவ்வொரு கட்டடத்தையும் குடியிருப்பவர் பெயரோடு காட்டும் தடித்த வரைபடத் தொகுதி. காவலுக்காகவும் கண்காணிப்புக்காகவும் பிறந்த இந்த அறையை மக்கள் வழி கேட்கும் இடமாக மாற்றிக்கொண்டனர். முகவரி எழுதிய தாளை நீட்டினால், காவலர் வரைபடத்தில் விரல் வைத்துத் தொகுதியைத் தேடுவார். கண்டதும் வாசலுக்கு வந்து, தெருவின் பெயரால் சொல்ல வழியில்லாததால், இரண்டாவது விளக்குச் சந்திப்பு, மருந்துக்கடை, அதன் எதிரே பல் மருத்துவமனை என்று பொருள்களின் வரிசையாக வழியைச் சொல்வார். பணப்பையைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பக் கட்டணம் இல்லாமல் வருபவருக்கு ஆயிரம் யென் வரை கடனாகத் தரும் ஏற்பாடும் கோபனில் உண்டு. அரசின் அதிகாரம் முதன்முதலில் எந்த முகத்தோடு ஒருவருக்கு எதிர்ப்படுகிறது என்பது அந்த ஊரைப் பற்றிய அவருடைய மதிப்பீட்டை நெடுநாள் ஆளும் என்பதால், இந்தச் சிறு கடனை ஒரு பெரிய செய்தியாகவே கொள்ள வேண்டும். 1983இல் சிங்கப்பூர் தன் குடியிருப்புகளில் அமைத்த காவல் நிலையங்கள் இந்த முறையைப் பார்த்து அமைக்கப்பட்டவை.

வழி காட்டும் கருவிகளில் ஜப்பான் முந்திக்கொண்டதற்கும் பெயரற்ற தெருக்களுக்கும் தொடர்பு இருப்பதாகக் கருத இடமுண்டு. ஹோண்டா நிறுவனம் 1981இல், செயற்கைக்கோள் உதவி பொதுமக்களுக்குக் கிடைப்பதற்கு முன்பே, சுழல்காட்டியின் துணையால் காரின் நகர்வைக் கணக்கிட்டுப் படத்தில் காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990இல் மாஸ்டாவின் கார் ஒன்று செயற்கைக்கோள்வழி இடங்காட்டியோடு வந்தது. இன்று அந்தக் கருவி எல்லோர் கைப்பேசியிலும் நீலப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அதன் உதவியை இகழ்வதற்கில்லை. இரவு பதினொரு மணிக்கு மழையில் விடுதியைத் தேடுபவருக்கு அது பெருந்துணை. ஆனால் முதல் நாள் முழுவதையும் அதனிடம் ஒப்படைப்பவர் எதை இழக்கிறார் என்பதை மூளை ஆய்வுகள் ஓரளவு விளக்குகின்றன. மூளையின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்பில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கும்போது மட்டும் தூண்டல் பெறும் நரம்பணுக்கள் உண்டென்பதை ஜான் ஓகீஃப் 1971இல் கண்டறிந்தார். பரப்பைச் சீரான வலையாகப் பகுத்து அளக்கும் வேறு வகை நரம்பணுக்களை மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல் கண்டனர். மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். புதிய இடம் ஒன்றில் நுழைந்ததும் இந்த நரம்பணுக்கள் பழைய ஒழுங்கைக் கைவிட்டு, சில நிமிடங்களுக்குள்ளேயே புதிய வரைபடம் ஒன்றை எழுதத் தொடங்குகின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தாமே வழியைத் தேர்ந்து செல்பவரின் மூளையில் தெருச் சந்திப்புகள்தோறும் எழும் கிளர்ச்சி, கருவியின் கட்டளைப்படி திரும்புபவரின் மூளையில் எழவில்லை என்று தெரியவந்தது. முதல் நாளின் களைப்பில் பாதி இந்த எழுத்துவேலையின் களைப்புத்தான். கட்டளைப்படி நடப்பவர் அந்தக் களைப்பிலிருந்து தப்பினாலும் வரைபடம் எழுதப்படாமலே போகிறது.

கெவின் லிஞ்ச் என்னும் அமெரிக்க நகர அமைப்பறிஞர் 1960இல் வெளியிட்ட நூலில், மக்கள் மனத்தில் நகரம் ஐந்து கூறுகளால் உருவாகிறது என்றார்: நடக்கும் பாதைகள், எல்லைக்கோடுகள், தனித்தன்மை கொண்ட வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளப் பொருள்கள். பாதைக்குப் பெயரில்லாத டோக்கியோவில் அதன் சுமையும் சந்திப்புகளின்மீதும் அடையாளங்களின்மீதும் ஏறிவிடுகிறது. இங்கே சந்திப்பு என்றால் ரயில் நிலையம். அந்த நகரத்தார் வசிப்பிடத்தைச் சொல்வதும் பெரும்பாலும் நிலையத்தின் பெயராலும் அங்கிருந்து எத்தனை நிமிட நடை என்பதாலும்தான். ஷிபுயா நிலையத்தின் வெளியே 1934இல் நிறுவப்பட்டு, போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கப்பட்டு, 1948இல் மீண்டும் வார்க்கப்பட்ட ஹச்சிக்கோ என்ற நாயின் சிலை இத்தனை புகழ் பெற்றதற்கு அந்த நாயின் விசுவாசக் கதை மட்டும் காரணமில்லை. பெயரற்ற தெருக்களின் நடுவே, அங்கே வந்து நில்லுங்கள் என்று யாரிடமும் ஐயமின்றிச் சொல்லக்கூடிய ஓரிடம் தேவைப்பட்டது.

ரயிலில் முதன்முறை ஏறுபவர் எதிர்கொள்வது சீட்டு இயந்திரம். இயந்திரங்களுக்கு மேலே சுவரை அடைத்துக்கொண்டு பல வண்ணக் கோடுகளாலான தடப்படம் இருக்கும். இருக்கும் நிலையத்திலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்குமான கட்டணம் அதன் பெயருக்கருகே எழுதப்பட்டிருக்கும். எழுத்து தெரியாதவரால் தம் நிலையத்தை அந்தப் படத்தில் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அப்போது செய்யக்கூடியது மிக எளியது: மிகக் குறைந்த கட்டணத்துக்கான சீட்டை வாங்கிக்கொண்டு ஏறிவிடலாம். இறங்கும் நிலையத்தில், வெளியேறும் வாயிலுக்கு முன்பாகவே, கட்டணத்தைச் சரிக்கட்டும் இயந்திரம் ஒன்று நிற்கும். அதில் சீட்டைச் செருகினால் குறையும் தொகை திரையில் தெரியும். அதைச் செலுத்தினால் வாயிலைக் கடக்க வேறொரு சீட்டு வரும். தண்டம் இல்லை, விசாரணை இல்லை, யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஏமாற்றிப் பயணம் செய்பவரிடம் கட்டணத்தோடு அதன் இருமடங்கையும் சேர்த்து வாங்கும் விதி தனியே இருக்கிறது. ஆனால் குறைந்த சீட்டோடு இறங்குபவரை அந்த விதியின் கண்ணால் பார்க்காமல், தொலைவு தெரியாதவராகவோ போகும் வழியில் மனம் மாறியவராகவோ கொள்வதுதான் முதல் அனுமானம். அறியாமையைக் குற்றமாகக் கொள்ளாத ஒரு கணக்கு முறையை இரும்பிலும் கண்ணாடியிலும் செய்து வாயிலருகே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது, பல அரண்மனைகளையும் கோபுரங்களையும்விட உயர்வாகப் போற்றத்தக்க காரியம். 2001இல் 'சுய்க்கா' என்ற தொடு அட்டை வந்தபின் பெரும்பாலோர்க்குச் சீட்டே தேவைப்படுவதில்லை என்றாலும், அட்டையில் பணம் குறைந்தவருக்காக அந்த இயந்திரம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது.

நிலையங்களின் உள்ளே வேறு வகையான கடினம் காத்திருக்கிறது. ஷின்ஜுக்கு நிலையத்தில் ஐந்து ரயில் நிறுவனங்களின் தடங்கள் கூடுகின்றன. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் நாளொன்றுக்குச் சுமார் 35 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தினர். அதன் வாசல்கள் இருநூற்றுக்கும் அதிகம். கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கத்துக்குச் சீட்டில்லாமல் நேரே கடந்துபோகும் அகன்ற வழி 2020இல்தான் திறக்கப்பட்டது; அதுவரை தவறான பக்கம் வெளியேறியவர் நிலையத்தைச் சுற்றி நடக்கவே நேர்ந்தது. இவ்வளவு பெரிய சிக்கலை எழுத்தால் மட்டும் அவிழ்க்க முடியாது என்பதை உணர்ந்தவர்கள், எழுத்தறியாதவருக்கும் எட்டும் வேறு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தனர். தடத்துக்கு ஒரு வண்ணம்; வாசலுக்கு ஓர் எண்; வெளியேறும் வழிக்கு மஞ்சள் பலகை. 2004இல் சுரங்க ரயில் நிலையங்கள் ஒவ்வொன்றும் தடத்தின் எழுத்தும் வரிசை எண்ணும் சேர்ந்த குறியீட்டைப் பெற்றன. பெயரைப் படிக்கத் தெரியாதவரும் பத்திலிருந்து பத்தொன்பது வரை எண்ணிக்கொண்டே போய் இறங்கலாம். நகரை வளையமாகச் சுற்றும் யாமனோத்தே தடத்தின் 30 நிலையங்களும் பின்னர் இவ்வாறு எண் பெற்றன. காதுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1989 முதல் கதவு மூடுவதற்குமுன் ஒலிக்கத் தொடங்கிய சிற்றிசை பல நிலையங்களில் வெவ்வேறாக இருப்பதால், நெடுநாள் பயணிகள் கண்ணை மூடிக்கொண்டே தம் நிலையத்தை அறிந்துகொள்கின்றனர். முதல் நாளில் வருபவருக்கு இது வெறும் இசை. அதில் வழி இருப்பது பிறகுதான் புரியும்.

இந்த ஏற்பாடுகளுள் மிகத் தாழ்வான இடத்தில், காலடியில் கிடப்பது மஞ்சள் ஓடு. ஒகயாமாவில் விடுதி நடத்திவந்த மியாக்கே செய்இச்சி, பார்வை இழந்துகொண்டிருந்த ஒருவருக்காக 1965இல் இதை உருவாக்கினார். 1967 மார்ச்சில் அந்நகரின் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள சாலைக் கடவையில் முதல் ஓடுகள் பதிக்கப்பட்டன. ஓட்டில் இரண்டே வகை: நீளக் கோடுகள் மேடிட்டிருந்தால் அந்தத் திசையில் நடக்கலாம், புள்ளிகள் மேடிட்டிருந்தால் நிற்க வேண்டும் அல்லது கவனிக்க வேண்டும். ரயில் மேடையின் விளிம்பில் பதித்த புள்ளி ஓடுகளைக் குனிந்து பார்த்தால், உள்பக்கத்தில் மட்டும் ஒற்றைக் கோடு ஒன்று கூடுதலாக ஓடுவதைக் காணலாம். புள்ளிகளை மிதித்துவிட்டவர் தமக்கு எந்தப் பக்கம் தரை, எந்தப் பக்கம் தண்டவாளம் என்பதைக் காலால் உணர்வதற்காக அந்தக் கோடு சேர்க்கப்பட்டது. எத்தனை விழுதலுக்குப் பிறகு அந்த ஒரு கோடு தேவையென்று உணரப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. இந்த ஓடுகளைப் பின்தொடர்ந்தால் அவை சீட்டு இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் மின்தூக்கிக்கும், முக்கியமாக, மனிதர் அமர்ந்திருக்கும் வாயிலுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்; பார்வை உள்ள புதியவருக்கும் இவைதாம் முதலில் வேண்டியவை. பார்வையற்ற ஒருவருக்காகத் தொடங்கிய ஓடு இன்று உலகெங்கும் பரவி, ஜப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்ட சென்னை மெட்ரோவின் நிலையத் தரைகளிலும் கிடக்கிறது. இடையே அறுந்துபோகும் ஓட்டுப்பாதை இல்லாத பாதையைவிட ஆபத்தானது என்பதால், அதைப் பதிப்பதைவிடத் தொடர்ந்து காப்பதிலேயே ஒரு நகரத்தின் அக்கறை வெளிப்படும்.

கண்ணுக்கும் எழுத்தில்லாத வழி உண்டு. 1964 ஒலிம்பிக் போட்டி டோக்கியோவில் நடந்தபோது, உலகின் எந்த மொழியினரும் படிக்கத்தக்க படக்குறிகளை கட்ஸுமி மசாருவின் வழிகாட்டுதலில் இளம் வடிவமைப்பாளர்கள் வரைந்தனர். விளையாட்டுகளுக்கு மட்டுமன்றிக் கழிப்பறை, தொலைபேசி, மருத்துவ உதவி போன்றவற்றுக்கும் குறிகள் பிறந்தன. ஒத்தா யுக்கியோ என்னும் வடிவமைப்பாளர் பிற்காலத்தில் உருவாக்கிய, பச்சை நிறத்தில் கதவை நோக்கி ஓடும் மனிதன் பன்னாட்டுத் தரக்குறியாகி, இன்று எத்தனையோ நாட்டு அரங்குகளிலும் மருத்துவமனைகளிலும் வெளியேறும் வழியைக் காட்டுகிறான்.

வழி புரிந்தாலும், முதல் நாளில் வருபவரின் உடல் தன் பங்குக்கு வேறொரு நேரத்தில் வாழ்கிறது. இந்திய நேரத்துக்கும் ஜப்பானிய நேரத்துக்கும் மூன்றரை மணி வேறுபாடு. கிழக்கே போகும்போது நாள் சுருங்குவதால், உடலின் உட்கடிகாரம் அதற்கு இணங்க மேற்கே போகும்போதைவிடக் கூடுதலாகத் தயங்கும். ஜப்பான் முழுவதற்கும் ஒரே நேரம் என்பதாலும் டோக்கியோ அதன் கிழக்கில் இருப்பதாலும், ஜூன் மாதத்தில் காலை நாலரை மணிக்கெல்லாம் அங்கே கதிரவன் எழுந்துவிடுகிறான். தமிழ்நாட்டிலிருந்து போனவரின் உடலுக்கு அப்போது நள்ளிரவு ஒரு மணி. விடியற்காலையில் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் தெருவில் இறங்குபவருக்கு விளக்கெரியும் கதவு பெரும்பாலும் ஒன்றுதான்: இரவு பகலாகத் திறந்திருக்கும் சிறுகடை. அங்கே கிடைக்கும் முக்கோணச் சோற்றுருண்டையின் உறையில் ஒன்று, இரண்டு, மூன்று என எண்கள் அச்சிட்டிருக்கும். நடுவிலுள்ள நாடாவை முதலில் மேலிருந்து கீழாகச் சுற்றி இழுத்து, பிறகு இருபக்க மூலைகளையும் அதே வரிசையில் உருவினால், சோற்றின் ஈரம் படாமல் இரண்டு மென்தாள்களுக்கு நடுவே வைத்திருந்த கடற்பாசித் தகடு மொறுமொறுப்புக் குலையாமல் சோற்றில் ஒட்டிக்கொள்ளும். புலால் உண்ணாதவர் உப்பில் ஊறிய உமே பழம் வைத்ததைத் தேடிக்கொள்வது நல்லது. மற்ற உணவுகள் பலவற்றில் உலர்த்திய மீனின் சாறு கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும்.

இந்த ஏற்பாடுகளில் பல பிற்காலத்தவை. 1930களின் நடுவில் புகைப்படக் கலை பயில டோக்கியோ சென்ற தமிழ்ப் பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியாருக்கு எண்ணிட்ட நிலையமோ மஞ்சள் ஓடோ பன்மொழிப் பலகையோ கிடைத்திருக்க வழியில்லை. ஆயினும் 1925இல் வளையம் முழுமையான யாமனோத்தே தடமும், 1927இல் ஆசியாவின் முதல் சுரங்க ரயிலாகத் தொடங்கிய கின்ஸா தடமும் அவர் காலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன, கோபன்களும் இருந்தன. 1923 செப்டம்பர் 1ஆம் நாள் நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அழிந்து மீண்டும் எழுப்பப்பட்ட அந்த நகரத்தின் பெரும்பகுதி, 1945 மார்ச் 10ஆம் நாள் குண்டுவீச்சில் மறுபடியும் எரிந்துபோனது. பிற்காலத்தில் எழுத்தாளர் தி. ஜானகிராமன் கண்டு 'உதய சூரியன்' என்ற நூலில் எழுதிய ஜப்பான், அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த மூன்றாவது நகரத்தைக் கொண்டிருந்தது. ஒருவர் தம் வாழ்நாளுக்குள் பிறந்த தெருவின் அடையாளங்களை இருமுறை இழக்கக்கூடிய ஊரில், வழி தெரியாதவர் என்ற சொல் வெளியூராரை மட்டும் குறித்து நின்றுவிடுவதில்லை.

2011 மார்ச் 11ஆம் நாள் பிற்பகல் இது பேரளவில் மெய்ப்பட்டது. வடகிழக்கே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் டோக்கியோவின் ரயில்கள் அனைத்தும் நின்றன. தலைநகர வட்டாரத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அன்று வீடு திரும்ப முடியாமல் தவித்ததாக அரசு பின்னர் மதிப்பிட்டது. நிலத்தின்மேல் தம் வீட்டுக்கான வழியை ஒருபோதும் அறியாதிருந்தவர்கள் அவர்களுள் ஏராளம். நிலையத்திலிருந்து நிலையத்துக்கு மட்டுமே அவர்கள் அந்த நகரத்தை அறிந்திருந்தனர். இருபதாண்டு அங்கேயே குடியிருந்தவர்கள் அன்று மாலை முதல் நாள் வந்தவர்களைப் போலத் தெருவோரப் பலகைகளின் முன் நின்று, இருக்கும் இடத்தையும் போகும் திசையையும் விரலால் தேடினர். நிற்பவர் பார்க்கும் திசை படத்தின் மேற்பக்கமாக அமையும்படி வரைந்த பலகைகள் அந்நகரில் பல உண்டு; வடக்கு எங்கே என்று அறியாதவரும் அவற்றைப் படித்துவிட முடியும். நடந்து வீடு திரும்புவோருக்குக் குடிநீரும் கழிப்பறையும் சாலை விவரமும் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட கடைகள் வாசலில் அதற்கான ஒட்டுத்தாளை ஒட்டியிருக்கின்றன. விடியற்காலையில் சோற்றுருண்டை விற்கும் அதே சிறுகடைகள்தாம் அவற்றில் மிகுதி. பேட்டைதோறும் நிற்கும் பச்சைப் பலகைகள் ஒதுங்கிடத்தைக் காட்டுகின்றன. 2013 ஏப்ரலில் டோக்கியோ மாநகர அரசு நடைமுறைப்படுத்திய விதி, பேரிடர் நேர்ந்ததும் ஊழியர்கள் ஒரே நேரத்தில் தெருவில் இறங்காமல் பணியிடத்திலேயே தங்கவும், அவர்களுக்கு மூன்று நாளுக்கான தண்ணீரையும் உணவையும் நிறுவனங்கள் இருப்பில் வைத்திருக்கவும் கேட்டுக்கொள்கிறது.